லாட்ஜ் புக்கிங் மென்பொருள்: பில் பிரமாதம், டெம்ப் ஃபோல்டர் மோசம் (5-க்கு 2)

கன்னியாகுமரி லாட்ஜ்களுக்கான இந்த மென்பொருளில் அறை நிலவரம், ஜிஎஸ்டி பில் எல்லாம் கச்சிதம். ஆதார் ஸ்கேனில்தான் சிக்கல். அப்லோடு ஆனதும் அதன் நகலைச் சர்வரின் பொது டெம்ப் ஃபோல்டரில் (எல்லாக் கணக்குகளும் தற்காலிகக் கோப்புகளைப் போடும் இடம்) 0644 அனுமதியோடு போட்டுவிடுகிறது. அதே சர்வரில் இருக்கும் வேறு கணக்குக்காரரும் திறந்து படிக்கலாம். கோப்புப் பெயரோ வெறும் பில் எண்! அடுத்த எண்ணை ஊகித்து அந்தப் பெயரில் முன்கூட்டியே சிம்லிங்க் (வேறொரு கோப்புக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி) வைத்தால், இயங்குதளத்தின் மையமான கர்னலின் சிம்லிங்க் பாதுகாப்பு அணைந்திருக்கும் சர்வரில், மென்பொருளே தன் வேறொரு கோப்பின் மேல் எழுதிவிடும். டெம்ப் ஃபோல்டரின் 1777 அனுமதியில் உள்ள ஸ்டிக்கி பிட் என்ற காப்பு அடுத்தவர் கோப்பை நீக்குவதைத்தான் தடுக்கும், இதையல்ல.

ஏற்கெனவே வாங்கியவர்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம், வெப் ரூட்டுக்கு (இணையத்தில் நேரடியாகத் திறக்கும் ஃபோல்டர்) வெளியே 0700 அனுமதியில் (உரிமையாளர் மட்டுமே திறக்கலாம்) தனி ஃபோல்டர் உருவாக்கி, டெம்ப் பாதையை அங்கே திருப்பச் சொல்லுங்கள். லாகின் நிலையைச் சேமிக்கும் செஷன் கோப்புகளுக்கும் அப்படியே. பழைய ஸ்கேன்களைக் கையோடு அழித்துவிடுங்கள். ஐயப்ப சீசன் கூட்டத்துக்கு முன் செய்தால் நல்லது.