ஐடிஇயா, ஏஐ உதவியாளரா: ஜாவா வேலைக்கு எதை நம்பலாம்?

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் வங்கிகளுக்கு ஜாவா நிரல் எழுதும் எங்களைப் போன்றவர்கள் முன்னால் இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: விம் போன்ற எளிய எடிட்டர், இன்டெல்லிஜே போன்ற முழு ஐடிஇ (எழுதவும் ஓட்டவும் பிழை தேடவும் எல்லாம் ஒரே இடத்தில் தரும் மென்பொருள்), நிரலை எழுதித் தரும் கோபைலட் வகை ஏஐ உதவியாளர். மூன்றிலும் வேலை பார்த்த பிறகு, அன்றாடத்துக்கு நான் தேர்ந்துகொண்டது ஐடிஇ. ஏஐயை அணைத்துவிடவில்லை. ஆனால் அதற்கு இரண்டாம் இடம்தான்.

விம்மைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டது. கை பழகிவிட்டால் வேகம் தனி. எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக சர்வருக்குள் போனால் பல இடங்களில் விம்மின் முன்னோடியான விஐ மட்டும்தான் இருக்கும், அதனால் அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் லட்சக்கணக்கான வரிகளை வெறும் விம்மில் பராமரிப்பது வீண் பிடிவாதம்.

மற்ற இரண்டில் எது என்பதை எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே கேள்வி. கருவி செய்து கொடுத்ததை நான் வரிவரியாகத் திரும்பப் படிக்க வேண்டுமா?

ஒரு மெத்தட்டின் (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டின்) பெயரை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். நூற்றுக்கணக்கான கோப்புகளில் அது அழைக்கப்படுகிறது. அதே பெயரில், சம்பந்தமே இல்லாத இன்னொரு மெத்தட் வேறொரு கிளாஸில் இருக்கிறது. ஐடிஇ வெறும் எழுத்துகளைத் தேடுவதில்லை. நிரலை இலக்கண மரமாகப் பிரித்து, ஒவ்வொரு அழைப்பும் எந்த மெத்தட்டைச் சுட்டுகிறது என்று கண்டுபிடித்து, உரியதை மட்டும் மாற்றும். எத்தனை முறை செய்தாலும் ஒரே விடை. 1990களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராண்டும் டான் ராபர்ட்ஸும் ஸ்மால்டாக் என்ற நிரல்மொழிக்காக, நிரலைத் திருத்தி அமைக்க உதவும் ரீஃபேக்டரிங் பிரவுசரை உருவாக்கியபோதே, நிரலின் நடத்தை மாறக் கூடாது என்பதுதான் அடிப்படை விதி. 2001இல் வந்த இன்டெல்லிஜே அந்த வசதியை ஜாவாக்காரர்களின் அன்றாடப் பழக்கமாக்கியது.

ஏஐ வேலை செய்யும் விதம் வேறு. அடுத்து என்ன வரக்கூடும் என்பதை நிகழ்தகவால் எழுதுகிறது. பெரும்பாலும் சரியாகவே வரும். அந்தப் ‘பெரும்பாலும்’தான் என் நேரத்தைத் தின்கிறது. பணக் கணக்குக்கு ஜாவாவில் பயன்படும் பிக்டெசிமல் என்ற எண் வகையில், முடிவில்லாத தசமமாகப் போகும் வகுத்தலுக்கு ரவுண்டிங் முறை கொடுக்காவிட்டால் பிழை எழும். சரிசெய்யச் சொன்னால் ஏஐ ஹாஃப்-அப் (சரிபாதியை மேலே ஏற்றும் முறை) போட்டுக் கொடுக்கலாம். கம்பைல் ஆகும், இருக்கும் டெஸ்டுகளும் தாண்டிவிடும். ஆனால் ஒப்பந்தம் கேட்பது ஹாஃப்-ஈவனாக (சரிபாதி வந்தால் கடைசி இலக்கம் இரட்டைப்படையாகும் பக்கம் போகும் முறை) இருந்தால், 2.34 வெள்ளி வர வேண்டிய 2.345 அங்கே 2.35 ஆகிவிடும். ஒரு காசுதானே என்று வங்கியில் யாரும் விடமாட்டார்கள்.

இங்கே இது வெறும் ரசனை விஷயமும் அல்ல. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021இல் திருத்தி வெளியிட்ட தொழில்நுட்ப இடர் மேலாண்மை வழிகாட்டிகளில் சோர்ஸ் கோட் ரிவ்யூவும் (எழுதிய நிரலைப் படித்துச் சரிபார்ப்பதும்) ஓர் அங்கம். எழுதியது யாராக இருந்தாலும், படித்துப் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும். எழுதும் வேகம் பல மடங்கு கூடினாலும் படிக்கும் வேகம் கூடவில்லை; சேமித்ததாக நினைக்கும் நேரம் ரிவ்யூவில் வந்து நிற்கிறது.

ஐடிஇக்கும் கண் தெரியாத இடங்கள் உண்டு. ரிஃப்ளெக்‌ஷன் (நிரல் ஓடும்போது பெயரைக் கொண்டு மெத்தட்டைத் தேடும் வசதி) வழியாக அழைப்பது, மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்துச் சரமாக எழுதிய பெயர்கள், பக்கத்து சர்வீஸ் எதிர்பார்க்கும் ஜேசன் (தரவுப் பரிமாற்ற வடிவம்) புலங்கள் ஆகியவற்றில் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆனால் எங்கே தவறும் என்பது முன்கூட்டியே தெரியும். ஏஐ விஷயத்தில் அதைச் சொல்ல முடியவில்லை.

தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவைத்த பழைய ஸ்டோர்டு ப்ரொசீஜரைப் புரியவைப்பது, ரெகெக்ஸ் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் சூத்திரம்), டெஸ்டுக்கான முதல் வரைவு: இவற்றில் ஏஐக்கு ஈடில்லை. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் என் அனுபவம் குறைவு. மாறிகளின் டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) அறிவிக்காத நிரலில் ஐடிஇயின் உறுதியும் தளரும் என்பதால், அங்கே தராசு மறுபக்கம் சாயலாம்.

ஜாவா செயலிகளுக்கான சட்டகமான ஸ்பிரிங் பூட்டின் 3ஆம் பதிப்புக்கு மாறும் வேலை வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இது. ஜாவாஎக்ஸ் (javax) என்று தொடங்கும் பேக்கேஜ்களில் பெர்சிஸ்டென்ஸ், ஜகார்த்தா (jakarta) என்ற புதிய முன்பெயருக்குப் போகும், எஸ்கியூஎல் பழைய பெயரிலேயே இருக்கும். இந்தப் பிரிவினையை ஓபன்ரீரைட் போன்ற விதிவழிக் கருவியிடம் விடுங்கள். அதன் பிறகும் மிஞ்சும் கம்பைல் பிழைகளை ஒவ்வொன்றாக ஏஐயிடம் கேளுங்கள்.