குடம்புளி: குழம்பிலா, காப்ஸ்யூலிலா?

ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்டிரால் கூடியிருப்பது தெரிந்ததும் குடம்புளியைப் பரிந்துரைக்காத உறவினரே எனக்கு இல்லை. சிலர் சாற்றை அடைத்த காப்ஸ்யூலைச் சொன்னார்கள். சிலர், கேரளத்தில் மீன்குழம்புக்குப் போடும் உலர்ந்த சுளையையே வாங்கிச் சமைக்கச் சொன்னார்கள். நான் சுளையைத் தேர்ந்தெடுத்தேன்.

வசதியில் காப்ஸ்யூல்தான் மேல். சுளையைக் கழுவி, வெந்நீரில் ஊறவைத்து, மண்சட்டியில் கொதிக்கவிட வேண்டும். அதன் புகைமணம் எல்லோருக்கும் பிடிக்காது.

குடம்புளிக்கு மருத்துவப் பெயர் வாங்கித் தந்தது அதிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம். உடலில் கொழுப்பும் கொலஸ்டிராலும் உருவாகும் பாதையின் தொடக்கத்தில் நிற்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது. 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெம்பெடோயிக் அமிலம் என்ற கொலஸ்டிரால் மருந்தும் இதே நொதியைத்தான் குறிவைக்கிறது. ஆகவே மூலக்கருத்து வலுவானது. ஆனால் எடைக் குறைப்புக்காக 135 பேரிடம் 12 வாரம் நடந்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் அமிலம் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 1998இல் வெளியான முடிவு அது.

பலன் குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைக் காப்ஸ்யூலிலிருந்து விலக்கியது கல்லீரல். 2009 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஹைட்ராக்சிகட் என்ற எடைக்குறைப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொன்னது. ஓர் உயிரிழப்பு உட்பட 23 கல்லீரல் பாதிப்புகள் அதுவரை பதிவாகியிருந்தன. அந்த மாத்திரைகள் சிலவற்றில் குடம்புளிச் சாறு இருந்தது. வேறு பொருள்களும் இருந்தன என்பதால் முழுப் பழியையும் இதன்மேல் போட முடியாது. ஆனால் பிறகு குடம்புளிச் சாற்றை மட்டும் சாப்பிட்டவர்களிடமும் மஞ்சள் காமாலை, கல்லீரல் மாற்று சிகிச்சை வரை போன பாதிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்தன. இவை அரிதானவை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் ஆபத்து.

இன்னொன்று: கொலஸ்டிராலுக்கு ஸ்டேட்டின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அதனாலேயே, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற நொதி ரத்தத்தில் ஏறும். கூடவே காப்ஸ்யூலும் போட்டால், ஏற்றத்துக்குக் காரணம் எது என்று மருத்துவர் தடுமாறுவார். தேவையான மருந்தை நிறுத்த நேரிடலாம்.

குழம்பின் கணக்கே வேறு. இரண்டு மூன்று சுளைகளின் புளிப்பு நான்கு பேருக்குப் பிரிகிறது, சக்கையை எடுத்துப் போட்டுவிடுகிறோம். காப்ஸ்யூல் சாற்றிலோ பெரும்பாலும் பாதிக்கு மேல் அந்த அமிலமேதான். தலைமுறைகளாகச் சமைத்துச் சாப்பிட்ட அளவை நான் நம்புகிறேன்.

குழம்பால் எனக்கு எல்டிஎல் குறைந்ததா? குறைந்தது. ஆனால் அதே காலத்தில் ஸ்டேட்டினும் சாப்பிட்டேன், பொரித்ததை விட்டேன், நடந்தேன். குடம்புளிக்கு அதில் பங்கு கேட்க மாட்டேன். ரசத்துக்கும் சாம்பாருக்கும் இன்றும் வழக்கமான புளிதான்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுளையை நன்றாக அலச வேண்டும். உலர்த்தும்போது உப்புச் சேர்ப்பது உண்டு. ஏற்கெனவே காப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனாலோ கண் மஞ்சளித்தாலோ காப்ஸ்யூலை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.