ஈகோலெக்ஸ்: தேதிகளுக்காகவே திறக்கலாம்

சுற்றுச்சூழல் சட்டம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் திறந்து காட்டும் இணையதளம் இதுதான். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயுசிஎன் மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. உடன்படிக்கை, நாடுகளின் சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு, ஆய்வுக் கட்டுரை எல்லாம் ஒரே தேடலில் வந்து விழும். அழகான தளம் என்று சொல்ல மாட்டேன். அதனால் என்ன?

உடன்படிக்கையின் வாசகம் வேண்டும் என்றுதான் பலரும் இங்கே வருகிறார்கள். வாசகம் வேறு இடங்களிலும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது உறுப்பு நாடுகளின் அட்டவணை: எந்த நாடு எந்தத் தேதியில் சேர்ந்தது, அதற்கு எப்போது அமலுக்கு வந்தது என்று வரிசையாக இருக்கும்.

பல நாடுகள் பகிரும் ஆறுகளுக்கான 1997 ஐ.நா. உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். பொதுச் சபையில் 103 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை சீனா, துருக்கி, புருண்டி மட்டுமே. மூன்றும் பெரிய ஆறுகளின் தலைமடையில் இருப்பவை. இதை மட்டும் படித்தால் கிட்டத்தட்ட உலகமே சம்மதித்துவிட்டது போல இருக்கும். ஆனால் அமலுக்கு வர 35 நாடுகள் முறைப்படி சேர வேண்டும். அந்த 35ஆவது நாடு வந்தது 2014இல்! வந்தது யார்? மேக்கொங் ஆற்றின் கடைமடையில் இருக்கும் வியட்நாம். அப்புறம், பாதரச மாசைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 50 நாடுகள் தேவைப்பட்டும், 2013இல் ஏற்கப்பட்டு 2017இலேயே அமலாகிவிட்டது. தண்ணீர் என்றால் மட்டும் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. வாசகத்தை எத்தனை முறை படித்தாலும் இது தெரியாது, தேதிகளைப் பார்த்தால்தான் தெரியும்.

குறை என்றால் மொழி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில்தான் தளம் இயங்குகிறது. தமிழில் தட்டிப் பயனில்லை. 'தண்ணீர்' மாதிரி பொதுவான சொல்லை ஆங்கிலத்தில் போட்டால் மலைபோலக் குவியும். நாடு, ஆண்டு, துறை என்று வடிகட்டிக்கொள்வது நல்லது.

தேசியச் சட்டங்கள் பகுதியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். சுருக்கம் நன்றாகவே இருக்கும், பல சட்டங்களுக்கு மூலப் பிரதியும் கிடைக்கும். ஆனால் அது பதிவான நாளின் சட்டம். பிறகு திருத்தம் வந்ததா என்பதை அந்தந்த நாட்டின் அரசிதழில் பார்த்துவிட்டே மேற்கோள் காட்டுங்கள்.