நான்கு மணி நேர அஞ்சலகம்: 25 ஆண்டு வாடிக்கையாளரின் கணக்கு

கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீடு. தெருப்பெயர் கிடையாது. லயன் எண், அப்பா பெயர், 643217. இந்த மூன்றும் இருந்தால் இலங்கை ஹட்டனிலிருந்து அத்தை போடும் கடிதம் தப்பாமல் வந்துவிடும். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் வந்தவர்கள் நாங்கள். அங்கேயே தங்கிவிட்டவர் அத்தை. என் பெயரில் இந்தக் கிளை அஞ்சலகத்தில் வரவு செலவு தொடங்கி 25 ஆண்டுகள் ஆகின்றன. அஞ்சல் துறைக்குத் தில்லியில் நடந்த சீர்திருத்தங்களில் எதெல்லாம் இந்த மேடு ஏறி வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. அம்மாவுக்கு வருவது பி.எஃப். ஓய்வூதியம், மாதம் ஆயிரத்துச் சொச்சம். உயிருடன் இருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று கொடுக்க முன்பு டவுனுக்கு இறங்க வேண்டும். பஸ், டீ, காத்திருப்பு என்று ஒரு நாள் போய்விடும். 2018 செப்டம்பரில் அஞ்சல் துறையின் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வந்தது. அதன்பின் ரேகை பார்க்கும் கருவியோடு வருகிறார்கள், வீட்டு வாசலிலேயே வேலை முடிகிறது. முடிய வேண்டும் என்று சொல்வதுதான் சரி. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். கருவி ஏற்காது. அம்மா வெந்நீரில் கை கழுவி, முந்தானையில் துடைத்து மறுபடி வைப்பார். ஒரு முறை ஏழாவது முயற்சியில்தான் பச்சை விளக்கு எரிந்தது. "நான் உயிரோடு இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, தம்பி" என்றார். முகத்தைக் காட்டியே சரிபார்க்கும் வசதியை 2025 ஆகஸ்டில் அந்த வங்கி கொண்டுவந்தது. செய்தியைச் சொன்னதும் அம்மா தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்கு 2016-இல் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். வட்டி இப்போது 8.2 சதவீதம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது பதிவுத் தபால். 2025 செப்டம்பர் 1 முதல் அதை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். அக்டோபரில் கட்டணமும் மாறியது: 50 கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய், வரி தனி. பதிவு வசதிக்கு 5 ரூபாய், ஓடிபி கேட்டு ஒப்படைப்பதற்கு இன்னொரு 5 ரூபாய். சென்னையில் இருக்கும் அண்ணன் பத்திர நகல் ஒன்றை ஓடிபி வசதியோடு அனுப்பினார். எங்கள் லயனில் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். தபால்கார அண்ணனும் நானும் தூறலில் அங்கே ஏறி, ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து என்னைத் தெரிந்த மனிதர் அவர். எண்ணைக் கேட்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதெல்லாம் சில்லறைச் சங்கடம். 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மென்பொருளையும் மாற்றினார்கள். கிளை அஞ்சலகத்தின் வேலை நேரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. எங்களுடையது ஒரு வீட்டின் முன்னறை. நாளைக்கு நான்கு மணி நேரம். அது திறந்திருக்கும் வேளையில் நாங்கள் எல்லோரும் கொழுந்துக் காட்டில் இருக்கிறோம். நூறு ரூபாய் போட வேண்டுமென்றால் அரை நாள் கூலியை விட வேண்டும்.

அங்கே உட்காருபவர் கிராமிய அஞ்சல் ஊழியர். துறையின் முழுநேர ஊழியர் கணக்கில் வரமாட்டார். 2018-இல் திருத்தியபோது நான்கு மணி நேரக் கிளையின் போஸ்ட்மாஸ்டருக்கு ஆரம்ப ஊதியம் 12,000 ரூபாய், அகவிலைப்படி தனி. அஞ்சலகத்துக்கு இடமும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பதோ பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து. இங்கே இரண்டு ஆண்டுகளில் மூன்று பேர் மாறினார்கள். சமவெளியிலிருந்து வந்த ஒரு பையன் முதல் டிசம்பர் குளிரிலேயே மூட்டை கட்டிவிட்டான். இந்தச் சம்பளத்தில் வாடகையும் கொடுத்துக்கொண்டு யார் இருப்பார்கள்? என்னைக் கேட்டால் முதல் வேலையாக அந்த நான்கு மணி நேரத்தில் இரண்டை மாலைக்கு மாற்றுவேன். பிறகு எட்டு மணி நேர வேலை, அதற்குரிய சம்பளம். கருவி வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போதைக்குத் தபால்கார அண்ணனே ஒரு வழி வைத்திருக்கிறார். வீட்டில் ஆள் இல்லாதவர்களின் தபாலை எடுத்துக்கொண்டு மாலை நான்கரைக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்துவிடுவார். அந்த நேரம் எந்தச் சம்பளக் கணக்கிலும் சேராது. ஒருநாள் கங்காணி விளையாட்டாக அவருடைய பையைத் தராசில் மாட்டிப் பார்த்தார். ஒன்பது கிலோ. கடிதம் என்று பார்த்தால் அதில் இரண்டுதான் இருந்தன. ஒன்று அத்தை போட்டது.