விரல் மடங்கிக்கிட்டு நிக்குதா? ஊசிக்குக் கையை நீட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

காரைக்குடிப் பக்கம் யாருக்காவது விரல் மடங்கி நிமிராம நின்னு, கூடவே சர்க்கரையும் இருந்தா, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் 5,400 ரூபாயும் ஒரு தை மாச முகூர்த்தமும் விட்டுட்டு எழுதுறேன்.

எனக்கு வயசு 56. சர்க்கரை 14 வருசமா இருக்கு. கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் குடுக்குறேன். சீப்புச் சீடைக்கு அச்சுல பிழிஞ்ச பட்டையைத் துண்டு போட்டு, ஒவ்வொண்ணா விரல்ல சுத்தி, நுனியை ஒட்டி உருவி எடுக்கணும். அந்த வேலைக்குக் கையில பத்து விரலும் சொன்னபடி கேக்கணும். போன ஆவணியில வலது மோதிர விரல் கேக்கலை. காலையில எந்திரிச்சா உள்ளங்கைக்குள்ள மடங்கிக் கிடக்கும். இடது கையால நிமித்தினா 'டக்'குனு ஒரு சொடுக்கு, உசுரு போயிட்டு வரும். விரல் அடியில அமுக்கினா பயறு அளவுக்கு ஒரு முண்டு.

வாசல்ல "நரம்பு, மூட்டு, எலும்பு"ன்னு போர்டு போட்ட ஒரு கிளினிக்குக்குப் போனேன். பேரு வேண்டாம். விரலை ஒரு நிமிசம்கூட பிடிச்சுப் பாக்கலை. "நரம்பு இறுகிருச்சு ஆச்சி, ஒரு ஊசி போட்டா சரியாப் போயிரும்." 1,800 ரூபாய். என்ன ஊசின்னு கேட்டேன். "சத்து ஊசி மாதிரிதான்." சர்க்கரை இருக்கான்னு அவரு கேக்கலை. விரல் வலிக்கு வந்தவ சர்க்கரையைப் பத்தி எதுக்குப் பேசணும்னு நானும் சும்மா இருந்துட்டேன். அது என் மடத்தனம்.

நாலஞ்சு நாள்ல விரல் லேசாச்சு. ரெண்டு வாரத்துல திரும்ப மடங்குச்சு. மறுபடி ஊசி. ஐப்பசிக்குள்ள மூணு ஆயிருச்சு, மூணும் அதே இடத்துல. ஒண்ணுக்கும் பில் கிடையாது.

மூணாவது ஊசிக்கு மறுநாள் ராத்திரி ஒண்ணுக்குப் போக ஆறு தடவை எந்திரிச்சேன். தலைமாட்டுல வச்ச சொம்புத் தண்ணி பத்தலை. "அதிரசத்துக்கு ருசி பாத்திருப்பே"ன்னாக எங்க வீட்டுல அவுக. சத்தியமா இல்லை. நல்லவேளை, ரெண்டு நாள்ல மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டாற பொண்ணு வந்துச்சு. விரல்ல குத்தி மெசினைப் பாத்துச்சு. ஒண்ணும் சொல்லாம இன்னொரு விரல்ல குத்துச்சு. சர்க்கரை 412. "ஆச்சி, ஊசி கீசி ஏதும் போட்டீகளா?" வீடு வீடா நடக்குற பொண்ணுக்குத் தோணுன கேள்வி, போர்டு மாட்டுன ஆளுக்குத் தோணலை பாருங்க.

அப்புறம்தான் சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. அங்க டாக்டரம்மா என் கையைப் பிடிச்சு விளக்குனாக. விரலை மடக்குற தசைநாண் ஒரு உறைக்குள்ள ஓடுது, விரல் அடியில அதுக்கு ஒரு வளையம் இருக்கு. வளையம் தடிச்சுட்டா நாண் மாட்டிக்கும், பாவாடை நாடாவுல முடிச்சு விழுந்து உள்ள சிக்குற மாதிரி. டிரிகர் ஃபிங்கர்னு பேராம். நரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சர்க்கரை இல்லாதவங்கள்ல நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு வந்தா, நம்ம மாதிரி சர்க்கரைக்காரங்கள்ல பத்துப் பேரு வரைக்கும் வருமாம். ஒரு விரலோட நிக்கணும்னும் இல்லை. எனக்கு இப்ப இடது கட்டை விரல் லேசாச் சொடுக்குது, ராத்திரி அது மடங்காம இருக்க ஒரு பட்டை கட்டிக்கிட்டுப் படுக்குறேன்.

எனக்குப் போட்டது ஸ்டீராய்டு. அந்த ஊசியே தப்புன்னு அவுக சொல்லலை, முறையான வைத்தியம்தானாம். ஆனா சர்க்கரைக்காரங்களுக்குப் போட்டா நாலஞ்சு நாள், சிலருக்கு ஒரு வாரம் சர்க்கரை ஏறும். அதைச் சொல்லி, தினம் டெஸ்ட் பண்ணச் சொல்லித்தான் போடணும். மத்தவங்களுக்குக் கேக்குற அளவுக்கு நமக்கு அது கேக்காது. சும்மா சும்மா ஒரே இடத்துல குத்துனா நாணே நைஞ்சு போகலாம்.

மூணு மாசச் சர்க்கரைச் சராசரி (HbA1c டெஸ்ட்) 9.6 இருந்துச்சு. அதோட கத்தி வச்சாப் புண்ணு ஆறாது, சீழ் பிடிக்கும்னு காக்க வச்சாக. 7.5-க்கு இறங்குன பிறகு, தையில ஆபரேசன். கையை மட்டும் மரக்க வச்சு, கால் மணி நேரம்தான், அன்னைக்கே வீடு. வந்திருந்த மூணு கல்யாண ஆர்டரையும் கோட்டையூர்ல இன்னொரு ஆச்சிக்கு மாத்தி விட்டேன்.

கை ஆறுனதும் கிளினிக்குக்குப் போயி, எனக்குப் போட்ட ஊசி விவரம் வேணும்னு எழுதிக் குடுத்தேன். நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு டாக்டர்களுக்கு 2002-லேயே விதி இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கங்க. முதல்ல சிரிச்சாக. விதியைச் சொன்னதும் அஞ்சாம் நாள் ஒரு சீட்டு வந்துச்சு. டிரையாம்சினோலோன் (அதான் அந்த ஸ்டீராய்டு), மூணு தேதி. அதுக்கு மேல ஒரு வரி: "சர்க்கரை நோய் – இல்லை."

அந்தச் சீட்டை நகல் எடுத்து, மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் ஆபீசுக்கு மனுவோட அனுப்பியாச்சு. பதில் வந்தா இங்கேயே எழுதுறேன்.