பாதி வசனம் அச்சிட்ட வாக்குத்தத்தப் பெட்டி

ஆண்டிறுதி நெருங்கியதும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் முன்வரிசைக்கு வந்துவிடும் வாக்குத்தத்த வசனப் பெட்டிகளில் ஒன்றை இம்முறை வாங்கினேன். வேதாகமத்தில் கடவுள் தரும் வாக்குகளை அட்டைக்கு ஒன்றாக அச்சிட்டிருப்பார்கள்; பார்க்காமல் ஓர் அட்டையை உருவி, வந்த வசனத்தை வாசிப்பது வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் மரப்பெட்டி, கெட்டியான அட்டைகள், முதியவர்களும் சிரமமின்றிப் படிக்கத்தக்க எழுத்து. மூடியின் கீல் சற்றே தளர்ந்திருப்பதைத் தவிர, செய்நேர்த்தியில் குறை சொல்ல ஏதுமில்லை. வசனங்களைத் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு உடன்பாடாக இல்லை.

“கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்” என்கிறது ஓர் அட்டை. உபாகமம் 28:13இல் இவ்வாக்கு, கட்டளைகளுக்குச் செவிகொடுத்து அவற்றின்படி நடந்துவந்தால் என்ற நிபந்தனையோடு வருகிறது. அட்டையில் அந்த நிபந்தனை இல்லை. “நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை” என்ற அட்டைக்கும் இதே கதிதான். பண ஆசையில்லாமல் நடந்து, இருப்பது போதுமென்று எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு, அப்படி வாழத் துணிவு தரும் காரணமாகவே எபிரெயர் 13:5 இந்த ஆறுதலைச் சொல்கிறது. எரேமியா 29:11இன் “சமாதானத்துக்கேதுவான நினைவுகள்” பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எழுதப்பட்டவை. அவர்கள் 70 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது முந்தைய வசனம். “உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து” என்ற யோவேல் தீர்க்கதரிசியின் அழைப்புக்கும், உதடுகளினால் மட்டும் கனம்பண்ணுவோரைப் பற்றி மத்தேயு 15:8இல் இயேசு எடுத்துச்சொல்லும் வார்த்தைக்கும் பெட்டியில் இடமே இல்லை.

இப்படி அட்டை உருவுவதைக் கிளி ஜோசியம் என்று கேலி செய்வோர் உண்டு. அக்கேலி முழுவதும் நியாயமன்று. வேதாகமத்தை விரித்துப் படிக்கக் கண்பார்வை இடங்கொடாத ஒரு பாட்டியம்மா, கையில் வந்த ஒரே வசனத்தை நாள் முழுதும் முணுமுணுத்து ஜெபிப்பதைச் சடங்கு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நல்ல பார்வையுள்ள குடும்பங்களில், இரவு ஜெபத்தில் ஓர் அதிகாரம் வாசித்த இடத்தை இந்த அட்டை பிடித்துக்கொண்டு, ஆமென் சொல்லி அரை நிமிடத்தில் எழுந்துவிட வழிசெய்கிறது. கடமை முடிந்தது; கேட்டவருக்கு எந்தக் கேள்வியும் எழவில்லை.

வசனத்தைச் சீட்டில் எடுப்பதே தவறென்று நான் கருதவில்லை. அதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. ஞாயிறு ஆராதனைக்கு வந்துபோவது மட்டும் விசுவாசமாகிவிடாது, மனந்திரும்புதலும் அன்றாட நடத்தையும் வேண்டும் என்று ஜெர்மானிய லுத்தரன் சபைக்குள் எழுந்த பக்தி இயக்கத்தின் மையம் ஹாலே நகரம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு அங்கே கல்வி பயின்றவர்; பின்னாளில் சின்சென்டார்ஃப் பிரபுவும் அங்கேயே பயின்றார். 1728இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலிருந்த மொராவிய சபை என்னும் கிறிஸ்தவச் சபையாருக்கு அவர் நாளுக்கொரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக அச்சாகி வருகிறது. அங்கே பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டெடுத்து, அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தெரிந்துகொண்டு சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் அன்றைக்கு அதே வசனம் என்பதால், பிடிக்காததைத் திரும்பச் செருகிவிட்டு வேறொன்றை உருவ வழியில்லை.

வீட்டில் முதியவர் இருந்தால் இந்தப் பெட்டியை வாங்கலாம், விலையும் அதிகமில்லை. திடப்படுத்தல் (தம் விசுவாசத்தைச் சபையின் முன் தாமே உறுதிசெய்யும் சடங்கு) பெறும் பிள்ளைகளுக்குப் பரிசளிக்க நினைப்போர், அதே கடையில் கிடைக்கும் வெற்று அட்டைக்கட்டை வாங்கிக்கொடுத்து, வசனங்களை முழுமையாக அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லலாம். பதிப்பாளர் அடுத்த பதிப்பில் ஒன்றைச் செய்தால் போதும்: அட்டையின் பின்பக்கம் இப்போது ரோஜாப்பூ படம் இருக்குமிடத்தில், வசனத்தின் முன்னும் பின்னும் உள்ள வரிகளை அச்சிட இடம் தாராளமாக இருக்கிறது.