ட்ரெயிலரில் குறையில்லை, அந்த ஒயில் சீலைத் தவிர

மட்டக்களப்பிலிருந்து கூட்டாளி ஒருவன், என்னுடையதைப் போல ஒரு போட் ட்ரெயிலர் வாங்கலாமா என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. கை முழுக்கக் கிறீஸோடு நின்றேன்.

ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். கல்வனைஸ் செய்த சட்டம், இன்னும் துரு ஏறவில்லை. 18 அடி ஃபைபர் போட்டை முனகாமல் சுமக்கிறது. விளக்குகள் முதல் வருடமே போயின, கடலுக்குள் இறங்கும் எந்த ட்ரெயிலரிலும் அது போகத்தான் செய்யும். என் வயிற்றெரிச்சல் முழுக்க ஹப்பின், அதாவது பெயாரிங் இருக்கும் சில்லின் நடுக்கூட்டின், பின்பக்கம் கிறீஸை உள்ளேயும் தண்ணியை வெளியேயும் மறிக்கும் ரப்பர் வளையமான ஒயில் சீல் மேல்தான்.

வாடைக்காற்று தொடங்கிவிட்டது என்று முந்தின நாள் நிலாவெளியிலிருந்து போட்டைத் திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தேன். சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் ஒரு உறுமல். பிக்கப்பின் சத்தம் என்று நினைத்து ரேடியோவைக் கூட்டி வைத்தேன், என் புத்தி அப்படி. இறங்கிப் பார்த்தால் இடப்பக்க ஹப்பில் கை வைக்க முடியவில்லை. ஜாக் அடித்துக் கழற்றினால் உள்ளே கிறீஸே இல்லை, பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கூழ்.

றோட்டில் ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அதை அப்படியே கடலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் உதட்டு வழியே உப்புத்தண்ணியை உறிஞ்சிவிடும். இது தெரிந்ததால்தான் கரைக்கு வந்ததும் முதலில் ஒரு பிளேன்ரீ குடித்து, ஹப் ஆறிய பிறகே இறக்குகிறேன். அப்படியும் இந்தக் கதி.

நியாயத்துக்குச் சொல்கிறேன், முதல் சீல் போனது என் பிழை. ஸ்பிரிங் வைத்த கிறீஸ் மூடி போட்டிருந்தேன், அருமையான சாமான். ஆசைக்குக் கிறீஸ் அடித்ததில் பின்னால் சீல் பிதுங்கிவிட்டது. இரண்டாவது அப்படியில்லை. "அதே அளவுதான்" என்று கடையில் தந்த ஒற்றை உதட்டுச் சீல் அது. அளவு அதேதான், தண்ணியை மட்டும் மறிக்காது. இந்த முறை இரட்டை உதட்டுச் சீல் கிடைக்கும்வரை கடை கடையாக ஏறி இறங்கினேன்.

பெயாரிங்கின் நம்பர் எல் 44649. அது உருளும் வெளிவளையம்தான் கப். "கப் நல்லாத்தானே இருக்கு அண்ணை, அதையே விடுவமா?" என்றான் கராஜ் தம்பி. நகத்தால் தடவிப் பார்த்தேன், குழி தட்டுப்பட்டது. பழைய கப்பில் புதுப் பெயாரிங் போட்டால் அடுத்த வாடைவரை தாங்காது. புதுக் கப்பைப் பித்தளைக் கம்பி வைத்து அடித்தோம். 'டிங் டிங்' என்ற சத்தம் 'தொம்' என்று மாறியதும் நிறுத்தினோம், அடியில் போய் இருந்துவிட்டது. நட்டை அவன் முழுப் பலத்தோடு இறுக்கப் போனான், தடுத்தேன். ஹப்பைச் சுற்றியபடி இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட்டு கழராமல் ஸ்பிளிட் பின் போடவேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பெயாரிங் எரியும்.

கூட்டாளிக்கு "வாங்காதே" என்று செய்தி அனுப்பினேன்.

பின்னேரம் உள்துறைமுகம் வரை இழுத்துப் போய் இறங்கித் தொட்டுப் பார்த்தேன். இரண்டு ஹப்பும் இளஞ்சூடுதான். செய்தியை அழிக்கவில்லை.